சந்தை நிறுத்தம் வரை ஓடும் கணினி

என் கடைக்கு வரும் கணினிகளில் பத்துக்கு எட்டு, தூசி தட்டி ஒருமுறை அணைத்துப் போட்டாலே எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அதை உடனே செய்துவிடக் கூடாது. முதலில் நெற்றியைச் சுருக்க வேண்டும். இரண்டு முறை 'உம்' கொட்ட வேண்டும். "வெச்சுட்டுப் போங்க, பாக்கறேன்" என்று கொஞ்சம் கவலையோடு சொல்ல வேண்டும். இந்த மூன்றிலும் எனக்கு இருபது வருட அனுபவம்.

சென்னியப்பன் வந்த செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் நெற்றியைச் சுருக்கி வைத்திருந்தேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தென்னை மட்டை உரித்து உரித்துக் கறுத்துப்போன கைகள். ஒரு கையில் துண்டு சுற்றிய பழைய கணினிப் பெட்டி. இன்னொரு கையில் சாக்குப்பை, அதற்குள் விளையாட்டுக்கு வைத்துக்கொள்ளும் ஸ்டியரிங்கும் பெடலும். துண்டை அவிழ்த்தால் பெட்டியின் கழுத்தில் காய்ந்த செவ்வந்தி மாலை. முகப்பில் பட்டை பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூஜை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

"ஏனுங்க தம்பி, இதுல கேம் ஓடறப்ப நின்னு நின்னு போகுதுங்க."

"என்ன கேமுங்ணா?"

"பஸ் ஓட்டறதுங்க."

நான் சிரிக்கவில்லை. இந்தத் தொழிலில் அதுவும் ஒரு பயிற்சி. எங்கள் ஊரில் பஸ் ஓட்டும் விளையாட்டுக்கு ஒரு கூட்டமே உண்டு. தனியார் பஸ்களின் பெயின்ட், சீரியல் லைட், ஏர்ஹாரன் எல்லாவற்றையும் அச்சு அசலாக ஏற்றி வைத்துக்கொண்டு ஓட்டுவார்கள். ஆனால் அவர்களெல்லாம் காலேஜில் அரியர் வைத்திருக்கும் வயதுக்காரர்கள்.

"எந்த எடத்துல நிக்குது?"

"சந்தை ஸ்டாப்புல."

"எப்பவுமா?"

"எப்பவும். மத்தபடி இழுத்துக்கோ பிடிச்சுக்கோன்னு போயிரும். சந்தைகிட்ட வந்தா படம் படமா நிக்கும். அப்புறம் அதுவே மூடிக்கும்."

என் மானிட்டரில் இணைத்துப் பார்த்தேன். மூச்சு வாங்கிக்கொண்டுதான் எழுந்தது. கொஞ்சம் விளக்கினால் மரியாதை கூடும் என்று விளக்கினேன்.

"ஒரு செகண்டுக்கு முப்பது படமாவது மாறுனாத்தானுங்ணா கண்ணுக்கு ஓடற மாதிரி தெரியும். உங்களுதுல ஒம்போதுதான் வருது. சந்தையில கூட்டமல்ல? ஒவ்வொரு ஆளும் எங்க நடக்கோணும், எங்க நிக்கோணும்னு இந்த மெஷின்தான் யோசிக்கோணும். அத்தனை பேருக்கு யோசிக்க இதுக்கு மூளை பத்தாது."

"எனக்கும் அப்படித்தானுங்க" என்றார்.

போகும் முன் மானிட்டரில் பஸ்ஸின் டேஷ்போர்டை வரவழைக்கச் சொன்னார். சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, கிலோமீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொண்டார்.

"என்னுங்ணா, நான் ஸ்டெப்னி எதையாச்சும் கழட்டிக்குவேன்னு பயமா?"

"வண்டிய ஒர்க் ஷாப்புல விடறப்ப எழுதிக்கறது பழக்கமுங்க" என்றார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அந்த முகத்தில் எதுவும் வந்து நான் பார்க்கவில்லை.

அவர் போனதும் பெட்டியைத் திறந்தேன். முதல் குற்றவாளி சந்தனம். பெட்டியின் மூச்சுத் துவாரங்களைப் பார்த்துப் பார்த்து அடைத்திருந்தார்கள். உள்ளே விசிறி, சந்தனத் தூளும் செவ்வந்தி இதழும் சிக்கிக்கொண்டு, சுற்ற முடியாமல் சுற்றியது. சூடேறினால் கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்தியால் ஜுரம் கண்ட கணினியை அன்றுதான் பார்த்தேன்.

அதைச் சுத்தம் செய்தால் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. செட்டிங்ஸில் ப்ராசஸரின் வேகத்தை நாற்பது சதவீதத்துக்கு மேல் போகவிடாமல் யாரோ கட்டி வைத்திருந்தார்கள். இரண்டு ரேமில் ஒன்று வேலை செய்யவில்லை. கழற்றிப் பார்த்தால் அதன் தங்கப் பற்களின் மேல் நான்காக மடித்த காகிதம். தற்செயலாக விழுந்ததல்ல, அளவெடுத்து வெட்டியது. பெட்டியின் பின்புறம் இரண்டு கடைகளின் ஸ்டிக்கர்கள். ஒன்று பக்கத்து ஊர்க் கடை. இன்னொன்று பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் ஜாபர் கடை.

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அடுத்த மெக்கானிக்கின் முட்டாள்தனத்தைக் கண்டுபிடிப்பதில் இருக்கிற சுகம் வேறு எதிலும் இல்லை. காகிதத்தை உருவினேன். கட்டை அவிழ்த்தேன். விசிறிக்கு எண்ணெய் விட்டேன். ஒன்பது, நாற்பத்தாறு ஆனது.

சரிசெய்தால் மட்டும் போதாது, ஓட்டிப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். எனக்கோ வண்டி ஓட்ட வராது. ஸ்கூட்டியை ஸ்டாண்டு போடும்போதே இரண்டு முறை விழுந்தவன். ஆனாலும் பெடல்களை மேஜைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன். 'தொடர்க' என்ற இடத்தில் ஒரே ஒரு பாதைதான் இருந்தது. மில் கேட் என்ற நிறுத்தத்தில் பஸ் நின்றிருந்தது. மூன்று கிலோமீட்டரில் சந்தை. திரையின் மூலையில் ஒரு கடிகாரம் சிவப்பாக மின்னி மின்னி ஏதோ கேட்டது. என்னவென்று புரியாததால் விட்டுவிட்டேன். முப்பதில் உருட்டினேன். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். வெளியுலகிலும் எனக்கு அது பழகியதுதான்.

சந்தை வந்தது. அவ்வளவு தத்ரூபமான சந்தையை நான் எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை. ஒரு பெண் தக்காளிக் கூடையைத் தலைக்கு ஏற்ற இரண்டு முறை முயன்று, மூன்றாவது முறை பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டாள். பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் கோழியின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டபடி நின்றிருந்தார். கோழி திமிறியது. கையை விட்டு நழுவி ரோட்டின் குறுக்கே ஓடியது. அவர் அதன் பின்னால் ஓடினார்.

நான் பிரேக்கை மிதித்தேன். பஸ் நின்றது.

அவர் கோழியைப் பிடித்துவிட்டார். பஸ்ஸின் முகப்பைத் தட்டி, "பாத்து வா சாமி" என்றார். அப்புறம் சுற்றி வந்து முன்படியில் ஏறிக்கொண்டார். பின்னால் கண்டக்டரின் குரலும் அவர் குரலும் கேட்டன.

"ஏனுங்க, கோழிக்கு டிக்கெட்டு?"

"அது சீட்டுலயா உக்காருது? என்ர கையிலதான தொங்குது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரைக் கிலோமீட்டர் ஓட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நிறுத்தினேன். அதே குஷியில் ஜாபருக்குப் போன் போட்டேன்.

"ஜாபரு, சென்னியப்பன்னு ஒருத்தர் மெஷின் வந்திருக்குது. ப்ராசஸர நாப்பதுல கட்டி வெச்ச அறிவாளி நீதானா?"

"நாந்தான்."

"ரேமுல காகிதம்?"

"அது எனக்கு முன்னாடி பாத்தவன். பாவம், அவனுக்கு செட்டிங்ஸெல்லாம் தெரியாது."

"என்றா ரெண்டு பேரும் சேந்து பண்ணி வெச்சிருக்கீங்க? நான் சரிபண்ணி ஓட்டியே பாத்துட்டேன். தண்ணியாட்டம் போகுது. கோழிக்காரர் ஒருத்தரு ஏறி கண்டக்டர்கிட்ட மல்லுக்கு நிக்கறாரு."

ஜாபர் கடையில் பிரின்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"சம்பத்து, அந்தாளு செத்துட்டாருடா."

"எந்தாளு?"

"கோழிக்காரரு. நஞ்சப்பன்னு பேரு. ரெண்டு வருசமாச்சு. அது கேம் இல்ல. கோர்ட்டு ஃபைலு."

அவன் சொன்னதன் பாதி எனக்கும் தெரிந்ததுதான். எல்லா பஸ்ஸிலும் உள்ளும் புறமும் கேமரா, மைக் வைக்கச் சட்டம் வந்ததும், விபத்து வழக்குகளைச் சாட்சி வைத்து விசாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். பதிவை ஒரு புரோகிராமுக்குக் கொடுத்தால், அது அந்த ரோட்டையும் ஆட்களையும் அப்படியே உருவாக்கி, ஆயிரம் விதமாக ஓட்டிப் பார்த்துத் தீர்ப்பு சொல்லும். அதற்கு மறுஓட்டம் என்று பெயர். வழக்கு முடிந்ததும் ஒரு பிரதி டிரைவருக்கு உண்டு. அந்தப் பிரதியை பஸ் விளையாட்டில் போட்டு ஓட்டலாம் என்பதை யாரோ அரியர் வைத்த பையன்தான் கண்டுபிடித்திருப்பான்.

"அப்ப செத்தவரு எப்படிடா பேசறாரு?"

"பஸ்ஸுக்குள்ள மைக்கு இருக்குதல்ல? ரெண்டு வருசம் சனிக்கிழமை சனிக்கிழமை அந்தாளு ஏறிப் பேசுனது பூரா உள்ள கெடக்குது. பஸ்ஸு நின்னிருந்தா அவரு என்ன பண்ணியிருப்பாரு, என்ன பேசியிருப்பாருன்னு அதுவே கணக்குப் போட்டுக்குது."

"கேஸு என்னாச்சு?"

"சென்னியப்பனுக்கு சாதகமாத்தான் வந்துச்சு. அந்த வேகத்துல வந்தா எந்த மனுசனாலயும் நிறுத்தியிருக்க முடியாது, டிரைவர் மேல தப்பில்லைன்னு."

"அந்த வேகத்துல ஏன் வந்தாருன்னு?"

"அதை யாரும் கேக்கல. கேட்டிருந்தா புரோகிராமே சொல்லியிருக்கும். மூலையில ஒரு கடிகாரம் மின்னிச்சே, பாத்தியா? டைமிங்கு. லேட்டாப் போனா பின்னாடி வண்டிக்காரன் கூட்டத்த அள்ளிக்குவான், முதலாளி எறக்கி விட்டுருவாரு. தீர்ப்பு வந்த மறுநாளே வேலைக்கு வரச் சொன்னாங்களாம், அதே வண்டி, அதே டைமிங்கு. போய் சீட்டுல உக்காந்தவரு சாவியப் போடாம எறங்கி வந்துட்டாரு. இப்ப தேங்காக் களத்துல இருக்காரு."

"இப்ப எதுக்கு இதை ஓட்டறாரு?"

"புரோகிராமு சொன்னதுல அவருக்கு நம்பிக்கை இல்ல. பிரேக் புடிச்சிருந்தா நின்னிருக்குமான்னு தானே பாக்கோணுமாம். மெஷின் ஸ்லோவா இருக்கற வரைக்கும் அது மெஷினோட குத்தம். வேகமா ஓடுச்சுன்னா?"

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"நீ எத்தனையில போனே?" என்று கேட்டான்.

"முப்பது."

"நான் இருவத்தஞ்சு" என்றான். கொஞ்சம் கழித்து, "அவுத்தத கட்டி வெச்சிரு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

கட்டி வைத்தேன். பன் சுற்றி வந்த காகிதத்தைக் கிழித்து, மடித்து, ரேமில் வைத்தேன். ஜாபர் நாற்பது வைத்திருந்தான். அவனைவிட நல்லவன் என்று காட்டிக்கொள்ள முப்பத்தைந்து வைத்தேன். நான் ஓட்டியதன் பதிவைத் தேடி அழித்தேன். இருபது வருடத்தில் ஒரு கணினியை மெதுவாக ஓடவைக்க இவ்வளவு கவனமாக உழைத்தது அதுதான் முதல் முறை. வழக்கமாகக் கவனமில்லாமலேயே அது நடந்துவிடும்.

வியாழக்கிழமை சென்னியப்பன் வந்தார். நெற்றியைச் சுருக்கினேன்.

"அண்ணா, நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். இது ரொம்பப் பழைய மெஷினுங்க. இதுக்கு மேல தாங்காது."

"செரிங்க."

"ஓட்டியெல்லாம் பாக்கலீங்க. எனக்கு ஓட்டத் தெரியாது."

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் மெக்கானிக்கை நம்பக் கூடாது. அவர் டேஷ்போர்டை வரவழைக்கச் சொன்னார். சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். திரையைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். பதிவை அழித்தவன் கிலோமீட்டரை மறந்திருந்தேன்.

"மூணு புள்ளி ஏழு ஏறியிருக்குதுங்க" என்றார்.

"அது... ஆன் பண்ணி வெச்சா அதுவா கொஞ்சம் ஏறும்ணா."

"சந்தை மூணு புள்ளி ரெண்டுல வருதுங்க. இடிச்சா அங்கயே நின்னுரும், அதுக்கு மேல ஏறாது. நான் ஓட்டி மூணு புள்ளி ரெண்டத் தாண்டுனதே இல்ல." நோட்டில் முந்தைய பக்கங்களைத் திருப்பினார். "மொதல்ல பாத்த தம்பி நாலு புள்ளி ஒண்ணு. ஜாபர் தம்பி மூணு புள்ளி ஒம்போது. மூணு பேரும் மெஷின் தாங்காதுன்னுதான் சொன்னீங்க. மூணு பேரும் தாண்டித்தான் போயிருக்கீங்க."

கடைக்கு வெளியே ஒரு பஸ் ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"நின்னிருக்கும்கறது மொதத் தம்பி ரீடிங்கப் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க" என்றார்.

அழுவார் என்று நினைத்தேன். கண்ணைத் துடைக்கக் கொடுக்க என்னிடம் ஒரு நல்ல துணிகூட இல்லை, கணினி துடைக்கும் மஞ்சள் துணிதான் இருந்தது. அவர் அழவில்லை. என் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார்.

"அவரு ஏறுனாருங்களா?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

"ஏறுனாருங்ணா. முன்படியில. கோழிக்கு டிக்கெட் எடுக்க மாட்டேன்னு ஒரே சண்டை."

"எடுக்கவே மாட்டாருங்க" என்றார். "ரெண்டு வருசத்துல ஒருநா எடுத்ததில்ல. அப்புறம், எங்க எறங்குனாரு?"

"அவ்வளவு தூரம் நான் ஓட்டலைங்ணா. அரைக் கிலோமீட்டர்ல ஆஃப் பண்ணிட்டேன்."

தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டினார்.

"மூணு பேரும் ஏத்துனீங்க. மூணு பேரும் நடுவழியில நிறுத்திப்போட்டு எந்திரிச்சுட்டீங்க. அவரு கரட்டுமேட்டுல எறங்கோணுமுங்க. இன்னும் பதினோரு கிலோமீட்டர் போகோணும். வீட்டுல விட்டுட்டு வந்திருக்கலாமல்லங்க, தம்பி?"

"நீங்களே ஓட்டுங்ணா. ஒரு அஞ்சு நிமிசம் குடுங்க, மெஷின சரிபண்ணித் தந்தர்றேன்" என்றேன்.

"எனக்கு டைமிங் பாக்காம ஓட்ட வராதுங்க" என்றார். "இப்பவும் அந்தக் கடிகாரம் மின்னுனா காலு தானா அமுத்துது. நான் ஓட்டுனா அவரு ஏற மாட்டாரு."

காகிதத்தை அவர் கண் முன்னாலேயே உருவினேன். கட்டை அவிழ்த்தேன். அவர் சாக்குப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். பிறகு கடைக்கு வெளியே போய், எதிர் டீக்கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு, எனக்கு முதுகு காட்டி நின்றார். ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

மில் கேட். கடிகாரம் மின்னியது. முப்பதில் உருட்டினேன். பின்னால் ஹாரன். சந்தை. தக்காளிக் கூடை. கோழி திமிறியது. மிதித்தேன். டயர் தேய்ந்து நிற்கும் சத்தம் கடையை நிறைத்தது. வெளியே அவர் தோள் ஒருமுறை உயர்ந்து இறங்கியது.

"பாத்து வா சாமி."

நஞ்சப்பன் ஏறினார். கோழிக்கு டிக்கெட் எடுக்கவில்லை. அதன் பிறகு பதினோரு கிலோமீட்டரும் பேசிக்கொண்டே வந்தார். கோழி மருமகனுக்காம். மருமகன் கோழிக்கு லாயக்கில்லாதவனாம். ஆனால் மகள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறதாம். டிரைவரே, இன்னைக்கு என்ன இவ்வளவு பொறுமையா ஓட்டறே, உடம்பு சரியில்லையா? நான் பதில் சொல்ல அந்த விளையாட்டில் வழியில்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

கரட்டுமேட்டில் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். "வாரேன் சாமி" என்றார் நஞ்சப்பன். கோழி தொங்க, மரத்தைத் தாண்டி நடந்தார். அவர் நடந்த பக்கம் பஸ்ஸின் கேமரா ஒருநாளும் போனதில்லை. ரோடு முடிந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம். அதற்குள் போய்விட்டார்.

சென்னியப்பன் உள்ளே வந்தார். டீயைக் குடிக்கவே இல்லை, ஆடை படிந்திருந்தது. பிளாஸ்டிக் உறையிலிருந்து பழுப்பேறிய ஒரு டிரிப் ஷீட்டை எடுத்தார். இரண்டு வருடம் முந்தைய சனிக்கிழமை தேதி. புறப்பட்ட கிலோமீட்டர் எழுதியிருந்தது. முடிந்த கிலோமீட்டர் காலியாக இருந்தது. திரையைப் பார்த்து, பதினான்கு புள்ளி இரண்டைக் கூட்டி எழுதினார்.

"எத்தனை நிமிசம் லேட்டுங்க?"

கடிகாரத்தைப் பார்த்தேன். "பதினோரு நிமிசம்."

"பதினோரு நிமிசந்தானுங்களே" என்றார்.

பெட்டியைத் துண்டில் சுற்றிக் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"வீட்டுக்குக் கொண்டு போனா நான் ஓட்டிருவேனுங்க. இங்கயே இருக்கட்டும்."

"அந்த ஃபைல அழிச்சரட்டுங்களா?"

"அழிச்சா எப்படிங்க? சனிக்கிழமை சனிக்கிழமை சந்தை கூடுதல்ல?"

அதனால் இப்போது சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நான் பஸ் ஓட்டுகிறேன். ஒரு வாரம் நான், ஒரு வாரம் ஜாபர், ஒரு வாரம் பக்கத்து ஊரிலிருந்து காகிதம் மடித்தவன். அவனுக்கு செட்டிங்ஸ்தான் தெரியாதே தவிர, வண்டி நன்றாக ஓட்டுகிறான். எங்களில் யாரும் முப்பதைத் தாண்டுவதில்லை. ஏறியவர் இறங்கும் முன் யாரும் எழுந்திருப்பதும் இல்லை.

சென்னியப்பன் அண்ணன் களத்திலிருந்து வரும் வழியில் எட்டிப் பார்ப்பார். உள்ளே வர மாட்டார். வாசலில் நின்று ஒரே கேள்விதான் கேட்பார், எத்தனை நிமிசம் லேட்டு என்று. பதினோரு நிமிசந்தானே என்று அவர் மறுபடி சொல்லிவிடாமலிருக்க, நாங்கள் ஐந்து நிமிடம் கூட்டித்தான் சொல்கிறோம்.